இதயத்துக்கு எதிர்வழி ஊட்டம்

குர்ஆன் மொழிபெயர்ப்புகளில் 'வரீத்' என்னும் சொல்லைப் பிடரி நரம்பு என்றே படித்து வருகிறோம். பேச்சுவழக்கில் இரத்தக்குழாயையும் நரம்பு என்பதால் அமைந்த பெயர் அது. வரீத் என்பது சிரை. கழுத்துச் சிரை வழியாக இதயத்தின் சிரைக்குள் 'கதீட்டர்' என்னும் மென்குழாயைச் செலுத்தும் முறையை அறியப் புகுவோர் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும்.

இதயத் தசை தன் உணவைத் தன்னுள் ஓடும் நாளங்களின் வழியே பெறுகிறது என்று, இப்னு ஸீனாவின் கருத்தை மறுத்து, 13ஆம் நூற்றாண்டிலேயே இப்னுந் நஃபீஸ் எழுதினார். தமனிகள் கொணர்ந்த இரத்தத்தின் பெரும்பகுதி, பயன்பட்ட பின் சிரைகளில் வடிந்து, இதயத்தின் பின்புறமுள்ள 'கரோனரி சைனஸ்' என்னும் பெருஞ்சிரையில் கூடி வலது மேலறையை அடைகிறது.

வால்வைச் செப்பனிட இதயத்தை நிறுத்த வேண்டும். மகாதமனியை இடுக்கியால் அடைத்து, பொட்டாசியம் மிகுந்த கரைசலை இதயத் தமனிகளில் செலுத்துவர். தமனியில் அடைப்பிருந்தால் கரைசல் அதற்கப்பால் செல்வதரிது. மகாதமனி வால்வு கசிந்தால் கரைசல் கீழறைக்குள் ஒழுகிவிடும். அப்போது கைகொடுப்பதே எதிர்வழி: வடிகாலாகிய சிரையே வாய்க்காலாகிறது. 1956இல் அமெரிக்காவில் லில்லிஹை குழுவினர், மகாதமனி வால்வு அறுவையின்போது இவ்வழியே இதயத்துக்கு இரத்தம் செலுத்தினர்.

மார்பெலும்பைப் பிளந்து செய்யும் அறுவையில் மருத்துவர் இதயத்தின் பின்புறம் விரலால் தடவியே குழாயை இருத்திவிடலாம். விலா இடுக்கில் சில சென்டிமீட்டர் கீறிச் செய்யும் அறுவையிலோ கை உட்புக இடமில்லை. ஆகவே மயக்க மருத்துவர், உணவுக்குழாய்வழி எக்கோவும் எக்ஸ்-கதிரும் துணையாக, வலது கழுத்துச் சிரையிலிருந்து அச்சிரையின் வாயைத் தேடிச் செல்கிறார். பெரும்பாலோர்க்கு அவ்வாயில் தெபீசிய வால்வு என்னும் சவ்வுண்டு; சிலருக்கு அது குழாயை மறிக்கும். வலிந்து தள்ளினால் மெல்லிய சிரைச்சுவர் கிழியும். இதயத்தின் பின்புறத்து இரத்தக்கசிவைச் சிறுகீறல் வழியே அடக்குவது கடினம். மார்பைத் திறக்கவும் நேரிடும். எனவேதான் உட்செலுத்தும் அழுத்தம் 40 மி.மீ. பாதரச அளவை மீறாதபடி பார்த்துக்கொள்கின்றனர்.

குழாய் மிக ஆழமாகப் போனாலும் தீங்கே. வாயருகே சேரும் சிரைகளைக் குமிழ் அடைத்துவிட, வலது கீழறைக்குக் கரைசல் குறைகிறது. அவ்வறையின் சிரைகள் பல நேரே மேலறையில் திறப்பதால், குழாய் சரியாக அமைந்தாலும் அங்கே காப்பு குறைவுதான். இதனால் எதிர்வழியைப் பெரும்பாலும் நேர்வழிக்குத் துணையாகவே கொள்கின்றனர். நெடுநேரம் காக்கும் கரைசல்கள் வந்தபின் இக்குழாயையே தவிர்ப்போரும் உளர்.

தழும்பு எவ்வளவு சிறிதாக இருக்கும் என்றே நோயாளியின் குடும்பத்தார் கேட்கின்றனர். நிறுத்திய இதயத்தை எவ்வழியில் காப்பீர்கள் என்பதையும் கேட்கலாம். அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் சேர்ந்து விடையளிக்க வேண்டிய வினா அது.