செத்த மாடும் ஒடிந்த அரிவாளும்

ஊருக்குள் மாடு செத்தால் சேரிக்குத்தான் முதலில் ஆள் வரும். எங்கள் தாத்தாக்கள் காலத்தில் அதற்குத் தனிக் கூலி கிடையாது. தோலும் கறியும்தான் கூலி. இரவானாலும் மழையானாலும் போயாக வேண்டும். கால்களைக் கட்டி மூங்கிலில் கோத்து, தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கி வருவார்கள்.

அந்த வேலைக்கு யாரும் கருவி வாங்கித் தரவில்லை. நாங்கள் சிறு வயதில் பார்த்தது, முனை ஒடிந்த அரிவாளைக் கல்லில் தீட்டி வைத்திருப்பார்கள். துண்டு ரம்பத் தகடு கிடைத்தால் சைக்கிள் டியூபைச் சுற்றிப் பிடி போட்டுக்கொள்வார்கள். மாட்டை மல்லாக்கப் புரட்டி, உருளாமல் இரு பக்கமும் கல் முட்டுக் கொடுப்பார்கள். தொண்டையிலிருந்து வால் வரை வயிற்றின் நடுவே ஒரே கோடு. கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் குடல் கிழிந்து எல்லாம் நாறிவிடும். அதனால் தோலைத் தூக்கிப் பிடித்து, கூர்ப்பக்கம் மேலே பார்க்கக் கீறுவார்கள். பிறகு கால்களின் உள்பக்கம். அதன்பின் கத்திக்கு வேலை குறைவு. தோலுக்கும் சதைக்கும் நடுவே முஷ்டியை விட்டுத் தள்ளித் தள்ளியே உரிப்பார்கள். ஓர் ஓட்டை விழுந்தால் வியாபாரி விலையைக் குறைப்பார். வெயில் நாளில் தாமதித்தால் வயிறு உப்பி மயிர் உதிரும், தோல் வீண். உரித்ததும் உப்பு. பதனிடச் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும்.

கால்நடை மருத்துவ மாணவர் கல்லூரியில் படிக்கும் உடற்கூறுதான் இது. இதே அறிவு இருந்ததற்காக எங்கள் ஆட்களை எட்டி நிற்கச் சொன்னார்கள்.

செத்த மாட்டுக் கறியை விட்டொழியுங்கள் என்று 1927இல் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் சொன்னார். விட்டவர்கள் உண்டு, பிழைப்புக்காக விட முடியாதவர்களும் உண்டு. 2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் மோட்டா சமாதியாலா கிராமத்தில் செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித்துகளைப் பிடித்து, பசுவைக் கொன்றதாகச் சொல்லி, உனா நகரம் வரை இழுத்துப் போய் அடித்தார்கள். சில நாளில் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலக வாசலில் செத்த மாடுகள் வந்து இறங்கின. இனி நீங்களே எடுத்துப் புதையுங்கள் என்பதுதான் அதன் பொருள். தூக்க ஆளில்லாமல் அங்கே பல இடங்களில் மாடுகள் அழுகிக் கிடந்தன.

நம் பக்கமும் சில ஊர்களில் இன்னும் கூப்பிடுகிறார்கள். போகும் தம்பிகள் ஒன்றைப் பார்க்க வேண்டும். மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த ரத்தம் வடிந்திருந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்த மாட்டில் கத்தியே படக்கூடாது. கிருமி மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும், கையில் சிறு கீறல் இருந்தாலும் ஆளைத் தொற்றும். கால்நடை மருத்துவருக்குச் சொல்லி, ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

தலித்துகளைச் செத்த விலங்கைத் தூக்க வைப்பதும் குழி வெட்ட வைப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தப்படி குற்றம். ஆகவே குழிக்கு மண்வெட்டியோடு மாட்டுக்காரரே முதலில் வரட்டும்.