மனம் தளர்ந்தோர்க்கு ஏற்ற மருத்துவரைத் தேர்ந்தெடுத்தல்

சந்தையில் உழவு மாடு வாங்கச் செல்லும் குடியானவர், தரகர் சொன்னதை மட்டும் நம்பிப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழியைக் கவனிக்கிறார், ஏரில் பூட்டி ஒரு சுற்று ஓட்டியும் பார்க்கிறார். ஆனால், அவர் வீட்டிலேயே ஒருவர் மனம் தளர்ந்து, உறக்கமும் உணவும் இன்றி, வேலையில் நாட்டமற்று இருக்கும்போது, யாரிடம் அழைத்துச் செல்வது என்று மட்டும் விசாரிப்பதில்லை. யாரோ ஒருவர் சொன்ன இடத்திற்கு, அயலார் அறியாதபடி அழைத்துச் செல்கிறார். இதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று, வெட்கமும் ஆகும். உடல் நோயைப்போலவே மன நோய்க்கும் சிகிச்சை உண்டு. அதனை அளிப்பவரை விசாரித்துத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் நமக்கு உண்டு.

வடக்குத்து வட்டாரத்தின் நிலை

நெய்வேலி நகரியத்தை அடுத்துள்ள வடக்குத்து ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் செம்மண் நிலத்து முந்திரியும் பலாவும். மறுபுறம் 1956-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பழுப்பு நிலக்கரி நிறுவனம். சுரங்கத்திற்கு நிலம் தந்து குடிபெயர்ந்தோரும், இரவு முறை வேலை செய்யும் தொழிலாளரும், விவசாயிகளும் அருகருகே வாழும் வட்டாரம் இது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த ‘தானே’ புயல், ஆண்டாண்டாய்ப் பலன் தந்த மரங்களை வேரோடு சாய்த்தது. 2020-ஆம் ஆண்டு மே, ஜூலை மாதங்களில் அனல்மின் நிலையக் கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். இத்தகைய துயரங்களுக்கு நிவாரணத் தொகை ஓரளவு உதவும். உள்ளத்தின் புண்ணுக்கு வேறு கவனிப்பும் வேண்டும்.

முதலில் தகுதியை அறிக

மனநலப் பணியில் பலவகையினர் உளர். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று, மனநோய் மருத்துவத்தில் மேற்படிப்பும் முடித்தவர். மருந்து எழுதித் தருபவர். மருத்துவ உளவியலாளர் மருந்து தருவதில்லை. பேச்சின் வழியாகவும் பயிற்சிகளின் வழியாகவும் சிகிச்சை செய்வார். இவர் இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு பெற்றவராக இருத்தல் வேண்டும். மனநலச் சமூகப் பணியாளர், நோயாளியின் குடும்பம், பிழைப்பு முதலியவற்றைச் சீர்செய்யத் துணை நிற்பார். ‘ஆலோசகர்’ என்று பலகை மாட்டியவர் அனைவரும் ஒரே அளவு பயிற்சி பெற்றவரல்லர். “எங்கே பயின்றீர்கள்? பதிவு எண் உண்டா?” என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

காதில் இல்லாத குரல் கேட்டாலும், காரணமின்றி எவரையும் சந்தேகித்தாலும், பல நாள் உறக்கமே இல்லாதிருந்தாலும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினாலும், தாமதியாமல் மனநல மருத்துவரிடமே முதலில் செல்ல வேண்டும்.

பிறகு பொருத்தத்தை நோக்குக

தகுதி இருந்தால் மட்டும் போதாது. நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து கவனிப்பவன் என வைத்தியத்திற்கு நான்கு உறுப்புகளை வகுத்த வள்ளுவர், நோயாளியையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். மன நோயில் இது மேலும் உண்மை. எட்வர்டு போர்டின் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1979-ஆம் ஆண்டு இதனை மூன்றாகப் பகுத்துக் காட்டினார். எதனை அடைய வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட வேண்டும். எவ்வழியில் அடைவது என்பதிலும் ஒன்றுபட வேண்டும். இருவரிடையே நம்பிக்கை இருக்க வேண்டும். கடன் சுமையால் உறக்கம் கெட்டவர் ‘எனக்குத் தூக்கம் வர வேண்டும்’ என்று வந்திருக்க, எதிரே இருப்பவர் அதனைச் செவிமடுக்காமல் வேறொன்றையே பேசிக்கொண்டிருப்பாராயின் பயன் விளையாது.

பொருத்தமானவர் பெரிய நகரத்தில்தான் கிடைப்பார் என்பதும் இல்லை. கோவாவில், உள்ளூர் மக்களிலிருந்தே தேர்ந்து பயிற்சியளிக்கப்பெற்றவர்கள், ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுற்றோரிடம் ஆறு முதல் எட்டு முறை பேசி அளித்த சிகிச்சை நற்பலன் தந்தது. இச்செய்தி 2017-ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயிற்று.

ஓரிரு முறை சென்று வந்தபின் கீழ்க்கண்டவற்றை எண்ணிப் பார்க்கலாம்:

1. நம் பேச்சு வழக்கிலேயே அவரிடம் மனம்விட்டுப் பேச முடிகிறதா? பெண்கள் பெண் மருத்துவரிடம் பேச விரும்பினால் அதற்கு வசதி உண்டா?
2. அவர் நாம் சொல்வதைக் கேட்கிறாரா, உபதேசம் மட்டும் செய்கிறாரா?
3. நோய் இன்னது, சிகிச்சை இன்னது, ஏறத்தாழ எத்தனை முறை வர வேண்டும் என்று விளக்குகிறாரா?
4. நாம் சொன்னதை வெளியில் சொல்லாமல் காக்கிறாரா?
5. பேருந்துக் கட்டணம், வேலை இழப்பு, சிகிச்சைச் செலவு இவற்றைத் தாங்கித் தொடர்ந்து செல்ல முடியுமா?

கசப்பான மருந்து வேறு, பொருந்தாத மருந்து வேறு. பழைய துயரத்தைப் பேசும்போது அழுகை வருவது இயல்பு; அதனாலேயே மருத்துவரை மாற்ற வேண்டுவதில்லை. நாலைந்து முறை சென்றும் மனம் ஒட்டவில்லையாயின், அதனை அவரிடமே சொல்லி, வேறொருவரைக் காட்டும்படி கேட்கலாம். நல்ல மருத்துவர் இதற்கு வருந்தமாட்டார். ஆனால், மருந்து உட்கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் அதனைத் தாமாக நிறுத்தலாகாது.

ஒரே நாளில் குணப்படுத்துவதாகப் பணம் கேட்பவர், முறைகேடாக நடப்பவர், அடிப்பவர், கட்டிவைப்பவர் ஆகியோரிடமிருந்து உடனே விலகுக. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று நேர்ந்த தீவிபத்தை நாம் மறத்தலாகாது. தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. நோய் பற்றிய செய்திகள் இரகசியமாகக் காக்கப்பெறும் உரிமையையும் அச்சட்டமே அளிக்கிறது. கோயிலுக்கோ தர்காவுக்கோ செல்வதை விடவேண்டியதில்லை. வழிபாட்டோடு மருத்துவமும் சேரட்டும்.

ஊராட்சிகள் செய்ய வேண்டுவன

வடக்குத்துப் பகுதியினர் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றை அணுகலாம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் அருகில் எந்த மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். 2022-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

இவ்விவரங்களை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவைப்பது உறுப்பினர்களின் முதற்கடமை. கிராம சபையில் இதனைப் படித்துக் காட்டினால், வீட்டில் நோயாளி உள்ளவர் எவரையும் தனியே கேட்க நேராமல் தாமே அறிந்துகொள்வார். நோயாளி எவர் என்பதை ஊரில் பேசாதிருப்பது மற்றொரு கடமை. நம் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் வட்டாரக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவிடத்துப் பூட்டுப்பெட்டிகளில் வைக்கும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது; அதன் விவரம் 2013-இல் வெளியாயிற்று. இதனையும் ஊராட்சிகள் கருதிப் பார்ப்பது நலம்.

மாட்டையும் விதையையும் ஆராய்ந்து வாங்கும் நாம், மனத்தை ஒப்படைக்கும் மருத்துவரையும் வெட்கமின்றி விசாரித்துத் தேர்வோமாக. அவ்வாறு விசாரிப்பவர்க்கு விடை சொல்லக்கூடிய ஊராட்சியாக ஒவ்வோர் ஊராட்சியும் விளங்குதல் வேண்டும்.