தோட்டத்து மக்களும் உலர்மின்கலமும்

சோழர் கல்வெட்டுகள் கூறும் கடாரம் இன்றைய கெடாவே என்பர் அறிஞர். அங்குள்ள இரப்பர்த் தோட்ட லயங்கள் பலவற்றிற்கு மின்கம்பி வருமுன்பே மின்கலம் வந்துவிட்டது. சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் கடைகளில் வாங்கிய ‘பேட்டரி’யே அம்மக்களுட் பலர் கையாண்ட முதல் மின்சாரம் எனலாம். இருட்டில் வழிகாட்டிய கைவிளக்கும், செய்தி கூறிய வானொலியும் அதனாலேயே இயங்கின.

1866இல் லெக்லாஞ்சே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் துத்தநாகம், கரி, மாங்கனீசு டையாக்சைடு, நவச்சார நீர் ஆகியவற்றால் ஒரு மின்கலம் அமைத்தார். 1886இல் செருமானியர் காஸ்னர் அந்நீரைக் கூழாக்கித் துத்தநாகக் குப்பிக்குள் அடைத்தார். ‘உலர்மின்கலம்’ என்பது சிந்தாமை பற்றி வந்த பெயரே. உள்ளே ஈரம் அறவே வற்றின் அது வேலை செய்யாது.

மலாயா வானொலி 1946இல் தொடங்கியது. தமிழும் அதில் ஒலித்தது. அக்கால வால்வு வானொலிக்கு இருவகை மின்கலம் வேண்டும்: இழையைச் சூடாக்க 1.5 வோல்ட், தகட்டிற்குப் பெரும்பாலும் 90 வோல்ட். ஒரு கலம் தருவது 1.5 வோல்ட்டே, ஆதலின் 90 வோல்ட்டுக்கு 60 சிறு கலங்களை ஓர் அட்டைப் பெட்டிக்குள் தொடராக அடுக்கினர். இது செலவு மிக்கது. ஆகவே வானொலியை அளந்தே கேட்க வேண்டியிருந்தது. 1954இல் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தபின் சில கலங்களே போதுமாயின.

ஓய்ந்த கலத்தை வெயிலில் வைப்பது வீட்டு வழக்கம். வெப்பம் வேதிவினையை விரைவுபடுத்துவதால் விளக்குச் சிறிது நேரம் எரியும். ஆனால் புதிய ஆற்றல் எதுவும் சேர்வதில்லை. துத்தநாகக் குப்பி கலத்தின் சுவர் மட்டுமன்று, அதன் எரிபொருளும் ஆகும். தன் சுவரையே தின்று ஒளி தருவதால் அது இறுதியில் ஓட்டையாகிக் கசிகிறது, விளக்கையும் அரிக்கிறது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிகளில் பழங்கலத்தின் கருந்தூளை இலைச்சாற்றில் குழைத்துக் கரும்பலகைக்குப் பூசியதுண்டு. அத்தூளிலுள்ள மாங்கனீசு மூச்சோடு தொடர்ந்து உட்செல்லின் நரம்பைக் கெடுக்கும் என்பது இன்று தெளிவு. ஆதலின் மாணவர்க்கு மின்கலத்தை விளக்கும் ஆசிரியர் படம் வரைந்து காட்டுவதே நன்று. பழங்கலத்தை உடைத்துக் காட்டுதல் வேண்டா.