குளித்த பின்பே வியர்வைக் குளியல்!

குளியல் என்றதும் நம்மவர் உள்ளத்தில் தோன்றுவது கிணற்றடியும், துலாவும், வாளி வாளியாக அள்ளி வார்க்கும் குளிர்ந்த நீருமேயாகும். வெயிலாற் களைத்த உடலுக்கு நாம் தேடுவது குளிர்ச்சி. ஆண்டின் பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும் பின்லாந்து நாட்டு மக்களோ வெப்பத்தைத் தேடுகின்றனர். அவர்கள் வியர்வையிற் குளிக்கின்றனர். அவ்வெப்பக் குளியலுக்கும், அது நடைபெறும் அறைக்கும் "சவுனா" என்பது பெயர்.

சவுனா மரப்பலகையால் அமைந்த சிறியதோர் அறை. அங்கே ஓர் அடுப்பும், அதன்மீது கற்குவியலும் இருக்கும். விறகாலோ மின்சாரத்தாலோ கற்கள் காய்ந்து, அறையின் வெப்பம் 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரை ஏறும். படிப்படியாக உயர்ந்து செல்லும் மர வாங்குகளில் அமர்ந்திருப்போர், அகப்பையால் நீரை மொண்டு கற்கள்மீது வார்ப்பர். நொடிப்பொழுதில் எழும் அவ்வாவியை "லொய்லு" என்பர். பண்டைக் காலத்தில் அச்சொல்லுக்கு உயிர், மூச்சு என்றும் பொருள் இருந்தது.

அப்பெயர் பொருத்தமானதே. முற்காலத்துக் கிராமங்களிலே பெண்கள் பிள்ளை பெற்றதும் சவுனாவில். இறந்தவரின் உடலைக் கழுவியதும் சவுனாவில். கோயிலில் நடந்து கொள்வதுபோலவே சவுனாவிலும் நடந்து கொள்ள வேண்டும் என்று அந்நாட்டுப் பெரியோர் சிறுவர்களுக்குக் கற்பித்தனர். ஏறக்குறைய 55 இலட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் இன்று சுமார் 30 இலட்சம் சவுனாக்கள் உள்ளன. 2020 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவ்வழக்கத்தை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்துக் கொண்டது.

நம்மவர் பலர் இன்று வட ஐரோப்பாவிலே குடியேறி வாழ்கின்றனர். நமது நாட்டின் பெரிய ஹோட்டல்களிலும் சவுனாவும் நீராவியறையும் வந்துவிட்டன. ஆகவே, அங்கே புகுமுன் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கு எடுத்துரைப்பது பயனுடைத்து.

முதலாவது விதி, சவுனாவுக்குச் செல்லுமுன் சவர்க்காரமிட்டு நன்றாகக் குளித்தல். வியர்ப்பதற்காகப் போகின்றவர் முன்னதாகக் குளிப்பது ஏன் என்று சிலர் வினவக்கூடும். உடலிலுள்ள அழுக்கும், எண்ணெயும், வாசனைத் தைலமும் வெப்பத்தால் உருகி, பலரும் அமரும் வாங்கில் ஊறும். அவற்றின் நாற்றம் அச்சிறிய அறை முழுவதையும் நிரப்பும். நாம் கழுவாதது அயலவரின் மூச்சிற் போய்ச் சேரும் என்பதே இதற்கு விடை.

இரண்டாவது, வெறும் பலகையில் அமராதிருத்தல். சிறியதொரு துவாயை விரித்து அதன்மேல் அமர்வதே முறை. பின்லாந்தில் ஆடையின்றிச் சவுனாவிற் புகுவது இயல்பு. பொது இடங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் வெவ்வேறு அறைகள் உண்டு. இருபாலாரும் கூடும் இடங்களில் நீச்சலுடை அணிவர். எவ்விடத்தில் எது வழக்கமென்று முன்னரே கேட்டறிவதில் வெட்கமில்லை. பிறரை உற்று நோக்குவதும், கைத்தொலைபேசியை உள்ளே கொண்டு செல்வதும் பெருங் குற்றங்கள். உலோகம் விரைவிற் சூடேறுமாதலால், காப்பு, சங்கிலி முதலியவற்றைக் கழற்றி வைப்பதும் அவசியம்.

கற்கள்மீது நீர் வார்க்க விரும்புபவர் மற்றவர்களின் சம்மதத்தைக் கேட்டல் வேண்டும். வெப்பம் மேலெழுவது இயற்கையாதலின், மேல் வாங்கில் இருப்பவரையே ஆவி முதலில் தாக்கும். தாங்க இயலாதவர் கீழ் வாங்கில் அமரலாம், அது இழிவன்று. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுதல் கூடாது. புண்ணோ, தொற்றுகின்ற தோல் நோயோ உள்ளவர் அது மாறும்வரை வராதிருப்பதே நாகரிகம்.

நீராவியறையின் தன்மை வேறு. அங்கே வெப்பம் 40 முதல் 50 பாகை வரையே இருக்கும். ஆனால் காற்று முழுவதும் ஈரம். எந்நேரமும் நனைந்திருக்கும் அத்தகைய இடத்திற் கிருமிகள் எளிதில் வளரும். ஆதலால் அங்கே துப்புரவு மேலும் முக்கியமாகிறது. ஈரத் தரையில் ரப்பர்ச் செருப்பணிந்து நடப்பது பாதங்களைப் பூஞ்சண நோயினின்றும் காக்கும்.

பத்து அல்லது பதினைந்து நிமிடங்கள் சென்றதும் வெளியே வந்து உடலை ஆற்றித் தண்ணீர் அருந்துதல் நலம். வெப்பத்தால் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் தணியுமாதலால், சடுதியாக எழுபவருக்குத் தலை சுற்றும். மது அருந்திவிட்டுச் செல்வது ஆபத்து. இருதய நோயுள்ளோரும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமற் செல்லலாகாது.

எல்லாவற்றிற்கும் மேலாக, சவுனா வீரத்தைக் காட்டும் இடமன்று. பின்லாந்தின் ஹெய்னோலா என்னும் ஊரில், யார் அதிக நேரம் வெப்பத்தைத் தாங்குவார் என்று 1999 முதல் உலகப் போட்டி நடத்தி வந்தனர். 2010 ஆகஸ்டில் நடைபெற்ற இறுதிச் சுற்றில் வெப்பம் 110 பாகை. ரஷ்ய நாட்டுப் போட்டியாளர் உயிரிழந்தார். அவரோடு இறுதிவரை இருந்த மற்றவர் கடுந் தீக்காயங்களுடன் மருத்துவமனை சேர்ந்தார். அதன் பின்னர் அப்போட்டி நடைபெறவேயில்லை. வெளியேறும் நேரத்தை உடல் சொல்லும். அயலில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து அதனைத் தீர்மானித்தல் தகாது.

1956 முதல் 1982 வரை அந்நாட்டின் ஜனாதிபதியாக விளங்கிய ஊர்ஹோ கெக்கோனன், பிறநாட்டுத் தலைவர்களைத் தமது சவுனாவுக்கு அழைத்து உரையாடியவர். பதவியைக் காட்டும் உடையும் சின்னமும் கதவுக்கு வெளியே தங்கிவிடுகின்றன. அவை இல்லாத இடத்தில் ஒருவரை மதிப்பதற்கு எஞ்சியிருப்பது அவருடைய துப்புரவும் நடத்தையுமே. சவுனாவின் விதிகள் யாவும் இவ்வொன்றிலேயே அடங்கும்.