உங்களுக்குத் தெரியுமா? பெட்டிக்கடைச் சரத்தில் தொங்கும் வியாபார உத்திகள்

◆ ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று நம் நாட்டுக்குக் காட்டியது பெரிய பன்னாட்டுக் கம்பெனி எதுவும் அல்ல. அந்த யோசனை கடலூரில் முளைத்தது. சின்னி கிருஷ்ணன் என்ற சிறுதொழிலதிபர், வசதியானவர்கள் வீட்டில் இருக்கிற பொருளைக் கூலி வேலை செய்பவரும் ரிக்‌ஷா ஓட்டுபவரும் வாங்க முடிய வேண்டும் என்று விரும்பியவர். டால்கம் பவுடர், எப்சம் உப்பு என்று ஒவ்வொன்றாகச் சிறு பொட்டலத்தில் போட்டுப் பார்த்தார். அவர் வழியிலேயே அவருடைய பிள்ளைகள் ‘வெல்வெட்’ ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். தினக்கூலி வாங்குகிறவருக்கு ஒரு பாட்டிலுக்கான பணம் ஒரே நாளில் கையில் நிற்காது. அரிசி, எண்ணெய், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் எல்லாம் போக மிஞ்சுவது சில்லறைதான். அந்தச் சில்லறைக்கு ஏற்ற அளவில் பொருளைத் தந்ததில்தான் அந்தக் குடும்பத்தின் மேதைமை இருக்கிறது.

◆ சின்னி கிருஷ்ணனின் மகன் சி.கே.ரங்கநாதன், குடும்பத் தொழிலிலிருந்து விலகி 1983-ல் 15,000 ரூபாய் முதலோடு தனியே கம்பெனி தொடங்கினார். அப்பாவின் பெயரிலிருந்தே ‘சிக்’ என்ற ஷாம்புப் பெயரை எடுத்துக்கொண்டார். அந்தக் கம்பெனிதான் இன்றைய கெவின்கேர். தலைக்குச் சோப்பு போட்டுப் பழகிய கிராமங்களுக்கு ஆட்களை அனுப்பி, ஊர்ப் பையன்களை உட்காரவைத்து எல்லோர் கண் முன்னாலும் தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். அலசியபின் முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். மல்லிகை வாசனையிலும் ரோஜா வாசனையிலும் ஷாம்பு வந்தது. 1999-ல் பாக்கெட் விலை 50 காசுக்கு இறங்கியது.

பொதுவாக உற்பத்திச் செலவைக் கூட்டி, லாபத்தைச் சேர்த்து விலை போடுவார்கள். இங்கே கணக்குத் தலைகீழ். வாங்குபவர் கையிலிருக்கும் நாணயம்தான் விலை. அதற்குள் எத்தனை மில்லி போடலாம், எந்த உறையில் அடைக்கலாம், கடைக்காரருக்கு எவ்வளவு மார்ஜின் விடலாம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

◆ ‘சிக்’கின் ஆரம்ப காலத் திட்டம் ஒன்றை எந்த மார்க்கெட்டிங் வகுப்பிலும் தாராளமாகப் பாடமாக வைக்கலாம். எந்த பிராண்டாக இருந்தாலும் சரி, 5 காலி ஷாம்புப் பாக்கெட்டுகளைக் கடையில் கொடுத்தால் ஒரு ‘சிக்’ பாக்கெட் இலவசம். போட்டிக் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் தாங்களாகவே கடைக்கு வந்து புது ஷாம்புவை வாங்கிப் போனார்கள். ஆள் பழகியதும் விதியை மாற்றினார்கள்: இனி ‘சிக்’ காலிப் பாக்கெட்டுக்கு மட்டுமே இலவசம். முதல் கட்டம் ஆளை இழுத்தது, இரண்டாம் கட்டம் பிடித்துவைத்தது.

◆ பெட்டிக்கடையில் பாட்டிலை வைக்க அலமாரி வேண்டும். பாக்கெட் சரத்துக்கு ஓர் ஆணி போதும். வாசலில், வாங்க வருகிறவரின் கண்ணுக்கு நேராகத் தொங்கும் சரம் விளம்பரப் பலகை வேலையையும் சேர்த்தே செய்கிறது. துளையிட்ட கோட்டில் கடைக்காரர் ஒன்றைக் கிழித்துக் கொடுக்கும்போது, எத்தனை மிச்சம் என்பது ஸ்டாக் நோட்டைப் புரட்டாமலே தெரிகிறது. லைன் சேல்ஸ்மேனும் சைக்கிளை விட்டு இறங்காமலே அடுத்த ஆர்டரைக் கணித்துவிடலாம்.

◆ மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது பொது விதி. நம் ஊர் ஷாம்புவில் பெரும்பாலும் அது செல்லாது. பாக்கெட் 1 ரூபாய், உள்ளே 6 மில்லி என்று வைத்துக்கொள்வோம். 30 பாக்கெட் வாங்கினால் 180 மில்லி. செலவு 30 ரூபாய். அதே அளவு பாட்டிலின் விலையைக் கடையில் பாருங்கள், பல மடங்கு இருக்கும். பாக்கெட்டில் போட்டி கடுமை. 1 ரூபாயைத் தாண்டினால் வாடிக்கையாளர் பக்கத்துச் சரத்துக்குக் கை நீட்டிவிடுவார். பாட்டில் வாங்குகிறவர் அவ்வளவு கணக்குப் பார்ப்பதில்லை. (சில பிராண்டுகளில் இரண்டின் கலவையும் வேறுபடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

◆ பிஸ்கட்டில் இதே உத்திக்கு இன்னொரு முகம் உண்டு. பார்லே-ஜி சின்னப் பாக்கெட்டின் விலை வருஷக்கணக்கில் அசையாமல் இருந்தது. கோதுமையும் சர்க்கரையும் விலை ஏறும்போது பாக்கெட்டின் எடைதான் குறைந்தது. விலையை மட்டும் பார்த்து வாங்கும் பழக்கத்தை விட்டு, கிராம் கணக்கையும் ஒரு முறை படிப்பது நல்லது.

◆ குஜராத் அரசுத் துறை ஒன்றில் வேதியியலாளராக இருந்த கர்சன்பாய் படேல், 1969-ல் வீட்டுக் கொல்லையில் சலவைத்தூள் கலந்து சைக்கிளில் கொண்டுபோய் விற்றார். அதுதான் நிர்மா. சர்ஃப் விலையில் சுமார் கால் பங்கு. நிர்மாவைத் தங்களுக்குப் போட்டியாகவே முதலில் நினைக்காத, சர்ஃபை விற்றுவந்த இந்துஸ்தான் லீவர், கடைசியில் நிர்மாவின் வளர்ச்சியைத் தடுப்பதற்கென்றே ‘ஸ்டிங்’ என்ற தனித் திட்டம் வகுத்து, ‘வீல்’ பவுடரை இறக்க வேண்டியதாயிற்று.

◆ ஜில்லெட் கம்பெனி இந்தியாவுக்கென்று முதலில் செய்த ஒரு ரேஸரை, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தது. அவர்களுக்குப் பிடித்திருந்தது. இந்தியாவில் அது போணியாகவில்லை. அந்த மாணவர்கள் குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழ் பிளேடை அலசினார்கள். இங்கே பல லட்சம் பேர் தரையில் உட்கார்ந்து, கையகலக் கண்ணாடி, ஒரு குவளைத் தண்ணீர் என்று சவரம் செய்பவர்கள். குவளைத் தண்ணீரில் அலசினால் பிளேடு இடுக்கில் சிக்கிய முடி போகாது. பிறகுதான் ஆராய்ச்சிக்காரர்கள் இங்கே வந்து, வீடுகளில் கூடவே உட்கார்ந்து கவனித்தார்கள். 2010-ல் ஒற்றை பிளேடு, லேசான கைப்பிடி, சுலபமாக அலசும் அமைப்போடு ‘ஜில்லெட் கார்ட்’ வந்தது. ரேஸர் 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய். வாடிக்கையாளர் எந்த ஊர்க்காரர் என்பதைவிட, அவர் எந்தச் சூழ்நிலையில் பொருளைக் கையாள்கிறார் என்பது முக்கியம் என்று புரிய அவர்களுக்கு ஒரு தோல்வி தேவைப்பட்டது.

◆ இந்தச் சிறு நுகர்வோரின் சந்தையைப் பற்றி உலகமே பேசக் காரணமான மேலாண்மைப் பேராசிரியர் சி.கே.பிரகலாத், கோயம்புத்தூரில் பிறந்து சென்னை லயோலாவில் படித்தவர். அவருடைய புகழ்பெற்ற நூல் 2004-ல் வெளிவந்தது.

◆ இனி மனசை உறுத்தும் பக்கம். ஷாம்புப் பாக்கெட் என்பது பல அடுக்குப் படலங்களை ஒட்டிச் செய்த உறை. அடுக்குகளைப் பிரிப்பது கடினம் என்பதால் மறுசுழற்சியும் கடினம். கிலோவுக்குக் காசு கிடைக்காததால் குப்பை பொறுக்குபவர்களும் அதை எடுப்பதில்லை. ஆற்றங்கரையிலும் சாக்கடையிலும் அப்படியே கிடக்கிறது. மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு பிளாஸ்டிக்கை இரண்டு ஆண்டில் ஒழிக்க வேண்டும் என்று 2016-ன் மத்திய அரசு விதி சொன்னது. 2018-ல் திருத்தம் வந்து, எரித்து ஆற்றல் எடுக்க முடிந்தாலோ மாற்றுப் பயன் இருந்தாலோ வைத்துக்கொள்ளலாம் என்று அதைத் தளர்த்திவிட்டது. இது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. காலிப் பாக்கெட்டுக்கு ஒரு மதிப்பு வைத்தால் மக்கள் சேர்த்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்பதை ‘சிக்’ தன் ஆரம்ப காலத்திலேயே நிரூபித்துவிட்டது. அன்று விற்பனைக்காகச் செய்ததை இன்று ஊர் சுத்தத்துக்காகச் செய்ய எந்தக் கம்பெனிக்கும் தொழில்நுட்பத் தடை கிடையாது.

◆ விலையைக் குறைத்தும் தோற்ற கதை டாடா நானோ. மழையில் நனைந்தபடி ஒரே ஸ்கூட்டரில் போன குடும்பத்தைப் பார்த்து ரத்தன் டாடா நினைத்துச் செய்த வண்டி அது. 2009-ல் 1 லட்சம் ரூபாய் கார் என்று விற்பனைக்கு வந்தது. ‘உலகிலேயே மலிவான கார்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும், வாசலில் நிறுத்தினால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று வாங்குகிறவர்கள் தயங்கினார்கள். அப்படிப் பெயர் பரவவிட்டது தவறு, இரு சக்கர வண்டி வைத்திருப்பவர்களுக்கான பாதுகாப்பான வாகனம் என்றே சொல்லியிருக்க வேண்டும் என்று ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2018-ன் முடிவோடு நானோ உற்பத்தி நின்றுபோனது.