44 பேர் கருகிய குடிசை: தியேட்டருக்கு வராத படம்!

1968-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி. கிறிஸ்துமஸ் ராத்திரி.

அன்றைய தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணி. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதில் மிராசுதார்களுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் தகராறு. அடியாட்கள் தெருவுக்குள் புகுந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் வயசாளிகளும் ஓடிப்போய் ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்தார்கள்.

குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் கருகிச் செத்தார்கள்!

கீழ்க்கோர்ட்டு மிராசுதார்கள் சிலருக்கு ஜெயில் தண்டனை கொடுத்தது. ஐகோர்ட்டு விடுதலை செய்துவிட்டது.

பல வருஷம் கழித்து, உயிர் பிழைத்தவர்களைப் பேச வைத்து பாரதி கிருஷ்ணகுமார் ஒரு ஆவணப்படம் எடுத்தார். பெயர் 'ராமையாவின் குடிசை'. 2005-ல் வந்தது.

சரி, எந்தத் தியேட்டரில் பார்ப்பது? ஹீரோ கிடையாது. டான்ஸ் கிடையாது. ஸ்டண்ட் கிடையாது. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ எந்த முதலாளி பெட்டி எடுப்பார்?

'கழுதை' டைரக்டர்

இந்த மாதிரிப் படங்களை ஜனங்களிடம் கொண்டுபோக, கேரளாவில் 1984-ல் ஒரு கோஷ்டி வழி கண்டுபிடித்தது. 'ஒடேசா' என்று பெயர். முன்னால் நின்றவர் ஜான் ஆபிரகாம். 1977-ல் 'அக்ரகாரத்தில் கழுதை' என்ற தமிழ்ப் படம் எடுத்தாரே, அவரேதான்.

புரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். சார்லி சாப்ளினின் 'தி கிட்' படத்தைப் போட்டுக் காட்டினார்கள். பேசாத படம், பாஷைத் தொல்லை இல்லை. பார்த்தவர்கள் கொடுத்த காசுதான் முதல்!

அப்படிச் சேர்த்த பணத்தில் 1986-ல் 'அம்ம அறியான்' வெளிவந்தது. அதுவும் ஒரு சாவைப் பற்றியதுதான். செத்துப்போன வாலிபனின் அம்மாவிடம் சேதி சொல்ல ஒருவன் புறப்படுகிறான். வழியில் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்கிறார்கள். இந்தப் படத்தையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

மறு வருஷம், மே 31-ந் தேதி, கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து ஜான் இறந்துபோனார்.

மதுரையில்

தமிழ்நாட்டில் இந்த வேலையைக் கையில் எடுத்தவர்கள் மதுரை 'மறுபக்கம்' குழுவினர். டைரக்டர் ஆர்.பி. அமுதனும் நண்பர்களும் 1998-ல் ஆவணப்பட, குறும்பட விழாவை ஆரம்பித்தார்கள். வெளிநாட்டுப் படங்களும் வந்தன.

அமுதனே 2003-ல் எடுத்த படத்தின் பெயர் 'பீ'. பெயரைக் கேட்டு மூக்கைப் பிடிக்க வேண்டாம். மதுரையில் ஒரு தெரு. மலம் அள்ளும் துப்புரவுத் தொழிலாளியம்மா. அவர் பின்னாலேயே காமிரா போகிறது. அவ்வளவுதான் படம். அரை மணி நேரம்கூட ஓடாது. ஆனால் முழுசாக உட்கார்ந்து பார்ப்பது லேசில்லை!

இதற்கெல்லாம் ஏ.சி. தியேட்டரும் வேண்டாம், பால்கனியும் வேண்டாம். வெள்ளை வேட்டியும் புரொஜக்டரும் இருந்தால் இருட்டினதும் ஆரம்பிக்கலாம்.

டிசம்பர் 25 தோறும் கீழ்வெண்மணி நினைவிடத்தில் ஜனங்கள் கூடுகிறார்கள். அன்றைக்கு ராத்திரி அங்கேயே வேட்டியைக் கட்டி 'ராமையாவின் குடிசை'யை ஓட்டினால், பார்க்க ஆள் தேட வேண்டியிருக்காது.