கித்தாருக்கான வால்வு ஆம்ப்ளிபையர்: கையால் அமைக்கும் முறையும் காப்பும்

மின்சாரக் கித்தாரின் தந்தியை மீட்டும்போது அதன் அடியிலுள்ள காந்தச் சுருளில் தோன்றும் மின்னழுத்தம் மிகச் சிறியது. பெரும்பாலும் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவினதே. ஸ்பீக்கரை அசைக்க அது போதாது. அச்சிறு சமிக்ஞையைப் பெரிதாக்கித் தரும் சாதனமே ஆம்ப்ளிபையர். 1947-இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் வானொலிப் பெட்டிகளிலிருந்து வால்வுகள் படிப்படியாக மறைந்தன. ஆயினும் கித்தார் வாசிப்போரிடையே அவை இன்றும் வழக்கொழியவில்லை. பலர் அவற்றைக் கொண்டு ஆம்ப்ளிபையர்களைத் தம் கையாலேயே அமைத்து வருகின்றனர். இவ்வேலை எவ்வாறு நடைபெறுகின்றது, இதில் உயிருக்கு ஆபத்து எவ்விடத்தில் உள்ளது என்பவற்றை, இளைஞருக்கு வழிகாட்டும் ஆசிரியரும் களப்பணியாளரும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

வால்வு வேலை செய்யும் விதம்

இரு மின்வாய்களையுடைய வால்வை 1904-இல் ஃபிளெமிங் அமைத்தார். அவற்றின் இடையே மூன்றாவது மின்வாயாக வலை ஒன்றை 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் சேர்த்தார். காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குமிழினுள் எதிர்மின்வாய் சூடேறும்போது எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவற்றை நேர்மின்னழுத்தம் பெற்ற தகடு ஈர்க்கின்றது. வழியில் நிற்கும் வலையின் மின்னழுத்தம் சிறிது மாறினாலும் தகட்டுக்குச் செல்லும் மின்னோட்டம் பெரிதும் மாறுகின்றது. மடைப் பலகையைச் சிறிது உயர்த்தியும் தாழ்த்தியும் வாய்க்கால் நீர் முழுவதையும் ஆள்வது போன்றது இது.

மடையை முழுதும் திறந்தபின் நீர் மேலும் கூடாது. முழுதும் அடைத்தபின் மேலும் குறையாது. அவ்வாறே, வலைக்கு வரும் சமிக்ஞை அளவுக்கு மிஞ்சினால் அலையின் முகடுகள் தட்டையாகின்றன. அப்போது மூலச் சுருதியின் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வெண்ணுடைய ஒலிகள் புதிதாகச் சேர்கின்றன. வானொலியில் இது குற்றம். கித்தாரிலோ இதுவே விரும்பப்படும் நிறமாயிற்று. எளிய டிரான்சிஸ்டர் சுற்றுகள் முகட்டைச் சட்டென வெட்டுகின்றன. வால்வு படிப்படியாக வளைக்கின்றது. வால்வு இன்னும் நிலைத்திருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு

அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1950-களின் பிற்பகுதியில் செய்த ‘சாம்ப்’ என்னும் சிறு ஆம்ப்ளிபையர், புதிதாகக் கற்போர் பின்பற்றுவதற்கு ஏற்றது. இதில் மூன்றே வால்வுகள் உள்ளன. 12ஏஎக்ஸ்7 என்பது ஒரே குமிழினுள் இரு வால்வுகளைக் கொண்டது. சமிக்ஞையை இரு கட்டங்களில் பெரிதாக்குவது. 6வி6 ஸ்பீக்கருக்கு வேண்டிய திறனைத் தருவது. 5ஒய்3 மாறுமின்னோட்டத்தை ஒருதிசை மின்னோட்டமாக்குவது. வெளிவரும் திறன் ஏறக்குறைய 5 வாட்.

இதே நிறுவனத்தின் ‘பாஸ்மேன்’ என்னும் பெரிய ஆம்ப்ளிபையரை மாதிரியாகக் கொண்டே, மேற்கு லண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் அவருடைய உதவியாளர்களும் 1962-ஆம் ஆண்டளவில் தம் முதல் ஆம்ப்ளிபையரை அமைத்தனர். தொழிற்சாலை ஏதுமின்றி, கடையை ஒட்டிய பட்டறையிலேயே இத்தகைய கருவி உருவாகக்கூடும் என்பதற்கு இது சான்றாகும். நம் நாட்டிலும் பெங்களூரிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. இன்று புதிய வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்தே கிடைக்கின்றன.

அமைப்பில் கவனிக்க வேண்டியவை

கண்ணிகள் பதித்த நார்ப்பலகையில் மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் வரிசையாக வைத்துப் பற்றாசு கொண்டு இணைப்பது பழைய முறை. ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரிவதால் பழுது காண்பதும் நீக்குவதும் எளிது.

வால்வுகளைச் சூடேற்றும் 6.3 வோல்ட் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, பெட்டியின் மூலையை ஒட்டிச் செலுத்த வேண்டும். வலைக்குச் செல்லும் கம்பிகள் குறுகியனவாகவும் மின்மாற்றிக்குத் தொலைவிலும் இருத்தல் வேண்டும். இவை தவறினால், 50 சுழற்சியுள்ள நம் மின்சாரத்தின் ரீங்காரம் இசையோடு கலந்து கேட்கும்.

6வி6 வால்வு 250 வோல்ட்டில் இயங்கும்போது ஏறக்குறைய 5,000 ஓம் பளுவை வேண்டுகின்றது. ஸ்பீக்கரோ 4 ஓம் மட்டுமே. இவ்விரண்டையும் பொருத்துவது வெளியீட்டு மின்மாற்றி. 5,000-ஐ 4-ஆல் வகுத்தால் 1,250. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 35. ஆகவே முதற்சுருளில் 35 சுற்றுக்கு இரண்டாம் சுருளில் ஒரு சுற்று என்பது விகிதமாகும். ஸ்பீக்கரை இணைக்காமல் இக்கருவியை ஒருபோதும் இயக்கலாகாது. இயக்கினால் முதற்சுருளில் மிகை மின்னழுத்தம் தோன்றி மின்மாற்றியே கெடக்கூடும்.

அணைத்த பின்னும் உள்ள ஆபத்து

மின்சாரத்தை அணைத்துவிட்டால் ஆபத்து நீங்கிற்று எனக் கருதுவது பெருந்தவறு. வால்வுத் தகடுகளுக்கு 300 முதல் 400 வோல்ட் வரை தேவைப்படுகின்றது. அம்மின்னழுத்தத்தைச் சீராக்கும் மின்தேக்கிகள், செருகியைக் கழற்றிய பின்னும் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கும். சூடான வால்வுகள் அம்மின்னேற்றத்தை ஓரளவு வடித்துவிடும். ஆனால், திருத்தி வால்வை மட்டும் செருகிச் சோதிக்கும் வேளையில் அது வடிய வழியில்லை. அணைந்த கருவி என்று கையை உள்ளே விடுபவர் அப்போதே அதிர்ச்சிக்கு உள்ளாகின்றனர்.

ஆதலால் முதல் மின்தேக்கிக்குக் குறுக்கே 2,20,000 ஓம், 2 வாட் மின்தடை ஒன்றை நிலையாக இணைத்தல் வேண்டும். மின்தேக்கிகள் மொத்தம் 40 மைக்ரோஃபாரட் எனக் கொண்டால், இவ்விரண்டின் பெருக்கற்பலன் 8.8 விநாடி. அதன் ஐந்து மடங்காகிய 44 விநாடியில் 400 வோல்ட் என்பது 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். எனினும் அம்மின்தடையே அறுந்திருக்கக்கூடும். ஆகவே ஒரு நிமிடம் பொறுத்து, மீட்டரால் அளந்து பார்த்த பின்னரே தொடுதல் வேண்டும்.

பழைய அமெரிக்க வரைபடங்களை அப்படியே பின்பற்றுவதும் தகாது. அவை 117 வோல்ட் மின்சாரத்திற்கு வரையப்பட்டவை. இங்கு 230 வோல்ட், 50 சுழற்சிக்கு உரிய மின்மாற்றி வேண்டும். அவற்றுள் பலவற்றில் நிலத்தொடர்புக் கம்பி இல்லை; மின்கம்பிக்கும் உலோகப் பெட்டிக்கும் இடையே மின்தேக்கி ஒன்று காணப்படும். அது பழுதுற்றால் கித்தாரின் தந்தியிலேயே மின்சாரம் பாயும். அதனை அறவே நீக்கி, மூன்று முனைச் செருகியின் நிலக்கம்பியைப் பெட்டியோடு உறுதியாகப் பிணைக்க வேண்டும்.

முதன்முறை இயக்கும்போது 60 வாட் இழைவிளக்கு ஒன்றைத் தொடராக இணைப்பது நல்ல வழக்கம். விளக்கு சிறிது ஒளிர்ந்து மங்கினால் அமைப்பு பெரும்பாலும் சரியே. முழு ஒளியுடன் நிலைத்து எரிந்தால் எங்கோ குறுக்கிணைப்பு உள்ளது என அறிந்து உடனே அணைத்தல் வேண்டும்.

தந்தியின் அதிர்விலிருந்து ஸ்பீக்கரின் ஒலி வரையில் மின்சாரம் செல்லும் வழி முழுவதையும் மாணவன் விரலால் சுட்டிக் காட்டக்கூடிய கருவிகள் இன்று அரியவை. அவ்வகையில் இது சிறந்த பாடமாகும். ஆனால், அந்த விரல் பெட்டிக்குள் செல்லுமுன் மீட்டரின் முனை செல்ல வேண்டும் என்பதே ஆசிரியர் முதலில் கற்பிக்க வேண்டிய விதி.